தொப்பிக்கு ரவை, ஹெட்ஃபோனுக்குப் பஞ்சு

கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் உட்காருகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மிருதங்கக்காரர் பிசைந்த ரவையை ஒரு சின்ன டப்பாவிலிருந்து எடுத்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் அப்புவார். தட்டிக் கேட்பார். கொஞ்சம் வழித்து எடுப்பார். மறுபடி தட்டுவார். ‘கும்’ என்ற அடிநாதம் அதற்குரிய இடத்தில் வந்து நின்றதும் விரலைத் துடைத்துக்கொள்வார். தோலும் அதேதான், வாரும் அதேதான். ஈர ரவையின் எடை ஏறியதால் தோல் மெதுவாக அதிர்கிறது, சுருதி இறங்குகிறது. வலப்பக்கத் தோலான வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கறுப்புப் பூச்சான கரணையின் வேலை இன்னும் நுட்பமானது. வெறும் வட்டத் தோலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒலிக்கும் மேல்சுரங்களை அது இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. 1920-இல் சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான்.

ஹெட்ஃபோனைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் ஒரு தோல்தான். பெரிய ஹெட்ஃபோன்களில் அது சுமார் 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள, மிக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதன் முதுகில் ஒரு கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். சுருள் காந்தத்தின் இடுக்கில் நிற்கும். பாட்டு மின்சாரமாக வந்து சுருளை ஆட்ட, சவ்வும் கூடவே ஆடும். மிருதங்கத்தைப் போலவே இங்கேயும் சவ்வு மட்டும் நாதத்தைத் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள காற்று, அந்தக் காற்று போகும் துளைகள், காதை ஒட்டியிருக்கும் குஷன் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. விலை குறைந்த ஹெட்ஃபோனை வாங்கி, சில ரூபாய்ப் பொருள்களை வைத்தே அதன் ஒலியை மாற்ற முடிவது இதனால்தான்.

சவ்வு முன்னால் நகரும்போது காதுப் பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஆக, ஒவ்வொரு ஹெட்ஃபோனும் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. காதுக்குப் போவது ஒன்று, அதற்கு நேர் எதிராகப் பின்னால் போவது இன்னொன்று. இந்தப் பின்னொலியை என்ன செய்வது? மூடிய வகையில் அதைக் கிண்ணத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். அடைபட்ட ஒலி சுவரில் மோதித் திரும்பி, மெல்லிய சவ்வையும் தாண்டிக் காதுக்கு வந்துவிடும். சில மூடிய ஹெட்ஃபோன்களில் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஓபன் பேக் வகையில் பின்பக்கம் சுவரே இல்லை, வெறும் கம்பி வலையோ சல்லடையோதான். பின்னொலி வெளியே போய்விடுகிறது.

இந்த வழியை 1968-இல் காட்டியது ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம். மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த அந்த ஹெச்.டி. 414 மாடல் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதுவரை ஹெட்ஃபோன் என்றால் காதை இறுக்கி மூடும் கனமான கிண்ணம். இதுவோ காதின் மேல் லேசாக உட்கார்ந்தது. பாட்டு தலைக்குள் அடைந்து கிடக்காமல் கொஞ்சம் வெளியே விரிந்து கேட்டது.

ஆனால் திறந்து வைத்ததற்கு ஒரு விலை உண்டு, அது பேஸ், அதாவது அடிநாதம். நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியின், அதாவது 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு, ஹெட்ஃபோனின் பின்புறத்திலிருந்து முன்புறம் சுற்றி வரும் சில சென்டிமீட்டர் ஒரு தூரமே இல்லை. எதிரெதிரான இரண்டு ஒலிகளும் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சவ்வும் சுருளும் காந்தமும் சேர்ந்த பாகத்துக்கு டிரைவர் என்று பெயர். காது அதற்கு மிக அருகில் இருப்பதால் முன்னொலியே ஓங்கி நிற்கிறது, அதனால் பேஸ் முழுக்கக் காணாமல் போவதில்லை. குஷனுக்கும் தோலுக்கும் நடுவே எவ்வளவு காற்று கசிகிறதோ அந்த அளவுக்கு அது குறையும். சோதித்துப் பார்க்க ஆசையா? பாட்டு ஓடும்போது இரண்டு பக்கத்தையும் கையால் லேசாக அழுத்துங்கள். தொப்பி நாதம் திடீரென்று தடிக்கும். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி உண்டாக்கும் சின்ன இடைவெளிகூடப் பேஸைக் குறைக்கும்.

எனவே, வாங்கும் முன் எங்கே கேட்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். உள்ளே போகும் ஒலிக்கும் வெளியே வரும் ஒலிக்கும் தடையில்லாத பொருள் ஓபன் பேக். சமையலறை மிக்ஸி காதில் விழும். நீங்கள் கேட்கும் பாட்டு பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். பேருந்துக்கும் ரயிலுக்கும் இது வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம், அது காதுக்குக் கெடுதல். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு அடங்கிய பிறகு வீட்டில் ஒரு முழு ராகத்தை உட்கார்ந்து கேட்பவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மே மாதச் சென்னையில் காது வேகாமல் கேட்க முடிவதும் சின்ன விஷயமில்லை.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார். எந்தச் சுரத்தை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்றுதான் அவர் கண்டார். விலை கூடும்போது கட்டுமானம், சொகுசு, உழைப்பு ஆகியவை கூடலாம். ஒலியும் கூடவே உயரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மலிவான பட்டியலில் எனக்குப் பிடித்தவை சில உண்டு. 1984-இல் வந்து இன்னும் விற்கும் கோஸ் போர்ட்டா புரோ, அதே நிறுவனத்தின் காதில் மாட்டும் கே.எஸ்.சி. 75, பெரிய கிண்ணம் வேண்டுவோர்க்கு பிலிப்ஸ் எஸ்.ஹெச்.பி. 9500. தைவானின் சூப்பர்லக்ஸ் ஹெச்.டி. 681, ஏ.கே.ஜி. கே 240 ஸ்டூடியோ போன்றவை ‘செமி ஓபன்’, அதாவது பாதி திறந்தவை. எல்லாமே குறைந்த ஓம், அதாவது குறைந்த மின்தடை கொண்டவை. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஒரு மில்லிவாட் கொடுக்க 0.18 வோல்ட் போதும், போனே சமாளித்துவிடும். 300 ஓம் என்றால் அதே ஒரு மில்லிவாட்டுக்கு 0.55 வோல்ட் வேண்டும். அப்போது மின்சைகையைப் பெருக்கும் தனி ஆம்ப் பற்றி யோசிக்க வேண்டிவரும். முதல் ஹெட்ஃபோனுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

சரி, இனி ரவைக்கு வருவோம்.

விலை குறைந்த ஓபன் பேக்குகளைப் பற்றி அடிக்கடி வரும் புகார், ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி குத்துகிறது என்பது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறும், ஜால்ரா ஊசியாக இறங்கும். ஹெச்.டி. 681-இல் 8,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முகடு இருப்பது ஹெட்ஃபோன் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த உயரத்தில் அலைநீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான், பாதி அலை 2 சென்டிமீட்டர். டிரைவருக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவு. இவ்வளவு சிறிய அலைகள் அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் மோதி, சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

இங்கேதான் பஞ்சு உதவுகிறது. மேக்கப் துடைக்க விற்கும் வட்டப் பஞ்சை எடுத்து, ஏடு ஏடாகப் பிரித்து, ஒரு மெல்லிய ஏட்டை மட்டும் டிரைவரின் முன் வைக்க வேண்டும். காற்று அந்த இழைகளுக்குள் புகுந்து உரசும்போது ஒலியின் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. சில மில்லிமீட்டர் பஞ்சு 4 சென்டிமீட்டர் அலைக்குப் பெரிய தடை. 3 மீட்டருக்கு மேல் நீளும் 100 ஹெர்ட்ஸ் அலையோ அங்கே ஒன்று இருப்பதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அதனால் பேஸ் அப்படியே இருக்க, சீறல் மட்டும் அடங்கும். என் ஹெட்ஃபோனில் முதலில் முழு வட்டையும் வைத்துவிட்டேன். சீறல் போனது, கூடவே தம்பூராவின் ஜீவனும் போனது. மூன்றில் ஒரு பங்கு ஏடு என்று குறைத்தபோதுதான் தந்தியின் மினுமினுப்பு திரும்பி வந்தது. ரவையை வழித்து எடுப்பது போலத்தான்.

அடுத்தது குஷன். ஒலியை மிக அதிகமாக மாற்றும் ஒரே பாகம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வெல்வெட் போன்ற துணிக் குஷன் காற்றைக் கசியவிடும், ரெக்சின் குஷன் அடைக்கும். ரெக்சினுக்கு மாறினால் பேஸ் கூடும், வியர்வையும் கூடும். தடித்த குஷன் டிரைவரைக் காதிலிருந்து தள்ளி வைக்கும். பழசாகி நசுங்கினால் டிரைவர் அருகில் வந்து ஒலியின் நிறமே மாறிவிடும். எஸ்.ஹெச்.பி. 9500-இன் குஷனை எளிதில் கழற்ற முடியாது. மாற்ற ஆசைப்படுகிறவர்கள் வாங்கும் முன்பே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் புரூக்ளினின் கிராடோ ஹெட்ஃபோன்களை வைத்திருப்பவர்கள், பழைய ஹெச்.டி. 414-இன் மஞ்சள் ஸ்பாஞ்சை வாங்கி, அதன் நடுவில் கால் டாலர் நாணயம் அளவுக்கு ஓட்டை வெட்டி மாட்டுவார்கள். ஸ்பாஞ்ச் ட்ரெபிளை அடக்கும், ஓட்டை கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். எங்கேயும் மனிதர்கள் ரவை வழிக்கத்தான் செய்கிறார்கள்.

டிரைவரின் முதுகில் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றின் மேல் காகிதமோ ஃபெல்ட்டோ ஒட்டியிருக்கும். சவ்வு தன் இயல்பான அதிர்வெண்ணில் கட்டுமீறி ஆடாமல் பிடித்து நிறுத்தும் பிரேக் அது. மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டினால் காற்று இன்னும் சிரமப்பட்டுப் போகும், பிரேக் இறுகும். பல ஹெட்ஃபோன்களில் இதனால் பேஸின் வீக்கம் வற்றிச் சுத்தமாகும், சிலவற்றில் பேஸ் மெலிந்துபோகும். மாடலுக்கு மாடல் மாறுவதால் ஒரு துளையில் தொடங்குவதே நல்லது. கே.எஸ்.சி. 75-இன் மேல்மூடியில் துளை போடுகிறவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். போட்ட துளையை மூட முடியாது, சவ்வைக் குத்திவிட்டால் கதை முடிந்தது. பஞ்சும் பிளாஸ்திரியும் பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

கேபிளை மாற்றினால் ஒலி மாறும் என்பதை நம்பாதீர்கள். அறுந்தால் மட்டும் மாற்றுங்கள். அந்தக் காசுக்கு ஒரு ஜோடி குஷன் வரும்.

கையால் செய்தது போக மிஞ்சுவதை, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ., ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. வெறும் காதுத் துவாரமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல், அது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தானாகவே பெருக்குகிறது. பிறந்ததிலிருந்து நாம் உலகத்தை அப்படித்தான் கேட்கிறோம். அதனால் நல்ல ஹெட்ஃபோனின் அளவீட்டுப் படத்தில் அங்கே ஒரு மேடு இருக்கும். குறை என்று நினைத்து அதைச் சமன்செய்தால் வயலினும் குரலும் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். பேஸை ஏற்றும்போதும் நிதானம் வேண்டும். 6 டெசிபல் கூட்டினால் சவ்வு இரண்டு மடங்கு தூரம் ஆட வேண்டும், சக்தி நான்கு மடங்கு செலவாகும். சின்ன டிரைவர் அங்கே கரகரக்கத் தொடங்கும். எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு மொத்த வால்யூமை முதலில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாற்றம் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உரக்கக் கேட்பதெல்லாம் நல்லதாகத் தோன்றும், அதனால் வால்யூமைச் சமப்படுத்திவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அப்புறம், என் வழி ஒன்று உண்டு. பழைய இசைத்தட்டுக் காலத்துப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மோனோ பதிவு என்பதால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும், பாடகரின் குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். இடது பக்கம் மட்டும் பஞ்சை வைத்துக் கேட்டால் ‘ஸ’ வரும்போதெல்லாம் குரல் வலது பக்கம் தாவும். பஞ்சு எதைக் குறைத்தது என்பதை அந்தத் தாவலே சொல்லிவிடும். பிறகு வலது பக்கமும் அதே அளவு பஞ்சை வைத்து, ஏடு ஏடாகக் கூட்டிக் குறைத்து, பல்லவி மறுபடி தொடங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். குரல் அசையாமல் நெற்றிக்கு நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் சமம் என்று அர்த்தம். மூடியைத் திருகிவிடலாம்.