சிறிய மரம் இளைய மரமன்று: தேக்குத் தோட்டத்தில் "பெரியதை மட்டும்" வெட்டுவதால் வரும் நட்டம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 16 வயதுத் தேக்குத் தோட்டம் ஒன்றை மதிப்பிட்டுத் தருமாறு அண்மையில் அழைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஒரு மர வியாபாரி உள்ளே புகுந்து, பருத்து நேராக நின்ற மரங்களையெல்லாம் பொறுக்கி வெட்டிச் சென்றிருந்தார். "பெரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் ஐயா, சின்னது வளரட்டும், ஆறேழு வருஷத்தில் இதே பருமனுக்கு வந்துவிடும்" என்று அவர் சொன்னதை உரிமையாளர் அப்படியே என்னிடம் ஒப்பித்தார். நின்றவற்றில் பெரும்பாலானவை உச்சி ஒடிந்தவை, இடுப்புயரத்திலேயே கவைத்தவை, வெளிச்சம் தேடிச் சவுக்குக் கழிபோல் நெடுத்தவை. இதே வாக்குறுதியை, ஏறக்குறைய இதே சொற்களில், வெவ்வேறு மாவட்டங்களில் கேட்டுக் கேட்டுப் பொறுமை தீர்ந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

இயற்கைக் காட்டில் எல்லா வயது மரங்களும் கலந்து நிற்கின்றன. அங்கே பருத்த மரம் பெரும்பாலும் முதிர்ந்த மரம். மெலிந்த மரம் பெரும்பாலும் இளைய மரம். எனவே குறிப்பிட்ட சுற்றளவைத் தாண்டியவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்து, விதை மரங்களை விட்டுவைத்து, நீண்ட இடைவெளிக்குப் பிறகே அதே இடத்துக்குத் திரும்பும் தேர்வு வெட்டு என்ற முறைக்கு அங்கே பொருள் உண்டு. உங்கள் தோட்டம் அப்படிப்பட்டதன்று. எல்லா நாற்றும் ஒரே மழையில், ஒரே வாரத்தில் நடப்பட்டவை. அவற்றில் ஒன்று 40 அங்குலச் சுற்றளவுக்கும் மற்றொன்று 16 அங்குலத்துக்கும் வளர்ந்திருக்கிறது என்றால், இரண்டாவது மரம் இளையது என்று பொருளன்று. அது போட்டியில் தோற்றது என்று பொருள். பத்தாம் வகுப்பில் குட்டையாக உட்கார்ந்திருக்கும் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்று யாரும் நினைப்பதில்லை. மரத்திடம் மட்டும் அந்தத் தவற்றை நாம் தயங்காமல் செய்கிறோம்.

தேக்கு வெளிச்சம் விரும்பும் மரம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அண்டை மரத்தின் நிழலில் கிடந்த தேக்குக்குத் தழையடர்த்தி சுருங்கியிருக்கும், வேரும் அதற்கேற்ற அளவிலேயே இருக்கும். திடீரென்று வெளிச்சம் கிடைத்தவுடன் அது பாய்ந்து வளர்ந்துவிடாது. பல மரங்கள் அடிமரத்தில் பக்கத் தளிர்களைத் தள்ளிக் கணுக்கணுவாகக் கெடும், சில காற்றில் சாயும். நாற்றுத் தரம் மோசமாக இருந்ததால் பின்தங்கியவையோ எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் தேறா. ஆகவே பெரியதை எடுத்துச் சிறியதை விட்ட வியாபாரி உங்கள் தோட்டத்தின் மூலதனத்தையே எடுத்துச் சென்றுவிட்டார். நீங்கள் அதை வட்டி என்று நினைத்துச் செலவழித்துவிட்டீர்கள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. ஏக்கருக்கு 1,000 கன்று வீதம் நெருக்கி நட்ட தேக்கில் நான்கைந்தாம் ஆண்டில் ஒரு முறையும், எட்டு முதல் பத்தாம் ஆண்டுக்குள் மற்றொரு முறையும் கலைத்துவிட வேண்டும். வளைந்தது, கவைத்தது, நோயுற்றது, நெருக்கத்தில் நசுங்கியது ஆகியவற்றை வெட்டி, நல்லவற்றுக்கு இடம் விட வேண்டும். "வளர்த்த மரத்தை வெட்டச் சொல்கிறீர்களே" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மரவாடியில் கன அடி பார்க்கும் முறை எளிது: சுற்றளவை அடியாக்கி, அதில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் மீண்டும் பெருக்குவார்கள். 18 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள ஒரு கட்டை ஏறத்தாழ 1.4 கன அடி தரும். 36 அங்குலக் கட்டை ஏறத்தாழ 5.6 கன அடி தரும். அதாவது 1,000 மெலிந்த மரங்களும் 250 பருத்த மரங்களும் ஒரே 1,406 கன அடிதான். ஆனால் முதல் குவியல் கழியாகவும் முட்டாகவும் போகும். இரண்டாவது குவியல் நிலைக்கும் கதவுக்கும் அறுபடும். 18 அங்குலக் கட்டையில் வெளிப்புற வெள்ளை மரத்தை நீக்கினால், வைரம் எனப்படும் கெட்டியான உள்மரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிஞ்சாது என்பதால் கன அடி விலையும் ஒன்றாக இராது. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி ஆகியவையோ மர எண்ணிக்கையைப் பின்பற்றியே ஏறும்.

இதனோடு ஒட்டிப் பிறந்ததுதான் பெருக்கல் கணக்கு. ஏக்கருக்கு 1,000 மரம், ஒரு மரம் 30,000 ரூபாய், ஆக மொத்தம் 3 கோடி என்று துண்டறிக்கை அச்சிடுபவர் இன்றும் இருக்கிறார். அந்த 30,000 ரூபாய் நன்கு முதிர்ந்த ஒரு மரத்தின் விலை. அப்படிப்பட்ட மரங்கள் ஒரு ஏக்கரில் ஆயிரம் நிற்க இடமே கிடையாது, ஏறத்தாழ நூறோ அதற்கும் குறைவோதான் நிற்கும். 1990களில் தேக்குத் தோட்ட முதலீட்டுத் திட்டங்கள் இதே பெருக்கலைக் காட்டிப் பணம் திரட்டின. அவை போன்ற கூட்டு முதலீட்டுத் திட்டங்களைக் கட்டுப்படுத்த 1999இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தனி விதிமுறைகளையே கொண்டுவர வேண்டியதாயிற்று. இப்போது அதே பெருக்கல் சந்தனத்துக்கும் செம்மரத்துக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது. சந்தனம் துணைச்செடி இல்லாமல் தழைக்காது, வைரம் பிடிக்கவே பல ஆண்டுகளாகும், பிடித்த நாள் முதல் திருட்டுக் காவல் செலவு தொடங்கும் என்பதைத் துண்டறிக்கை சொல்வதில்லை.

எப்போது வெட்டுவது என்ற கேள்விக்கு 1849இலேயே ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் வழி காட்டிவிட்டார். நிற்கும் மரத்தை ஒரு முதலீடாகக் கொண்டு, அது அடுத்த ஓராண்டில் கூட்டும் மதிப்பு, அதை இன்றே விற்றால் கிடைக்கும் பணத்தின் வட்டியையும் நிலத்தின் ஆண்டு வாடகையையும் சேர்த்த தொகையை மிஞ்சிக்கொண்டிருக்கும்வரை காத்திருக்கலாம் என்பது அதன் சாரம். இன்று 5 லட்சம் பெறும் தோட்டம் அடுத்த ஆண்டு 5 லட்சத்து 30 ஆயிரம் பெறும் என்றால், 8 சதவீத வட்டியே 40,000 ரூபாய், காத்திருப்பது நட்டம். மாறாக, சுற்றளவு கழித் தரத்திலிருந்து அறுவைத் தரத்துக்குத் தாண்டும் ஆண்டுகளில் மதிப்பு வட்டியை எளிதில் மிஞ்சும். நம் மக்கள் பன்னிரண்டாம் ஆண்டிலிருந்து பதினெட்டாம் ஆண்டுக்குள், அதாவது மதிப்பு மிக வேகமாக ஏறும் காலத்தில், திருமணச் செலவுக்கோ வீட்டுச் செலவுக்கோ வெட்டிவிடுகிறார்கள். அவசரம் புரிகிறது; ஆனால் அந்தப் பணம் பத்தாம் ஆண்டுக் கலைப்பிலிருந்து ஓரளவேனும் வந்திருக்க வேண்டும்.

அத்தனை ஆண்டு காத்திருக்க இயலாதவர்களுக்கு, விரைவில் வளரும் மரங்களை நட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டும் முழு வெட்டு முறையே பொருந்தும். அதில் குறையொன்றும் இல்லை. 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டிலிருந்து எதிர்பாராமல் விவசாயிகளிடமிருந்து பெற வேண்டும் என்று சொன்ன பிறகு, காகித ஆலைகளுக்குச் சவுக்கும் தைலமரமும் பட்டா நிலங்களிலிருந்தே பெருமளவு போகின்றன. சவுக்கு மூன்று நான்கு ஆண்டுகளில் பணமாகிவிடும். தைலமரத்தை வெட்டிய குத்திலிருந்து, அதாவது அடிக்கட்டையிலிருந்து, மறுதாம்பாகத் தளிர்க்க விட்டு மேலும் இரண்டொரு முறை எடுக்கலாம் என்பதால் நடவுச் செலவு மிச்சம். பட்டை உரியாமல், தரையை ஒட்டிச் சாய்வாக வெட்டினால்தான் அந்த மிச்சம் கைக்கு வரும். எடைக்கு விற்பவர்கள் கவனிக்க வேண்டும்: வெட்டிய மரம் காயக் காய எடை இழக்கும். லாரி நாளைக்கு வரும், நாளன்றைக்கு வரும் என்று இழுத்தடிப்பவரிடம் உங்கள் டன் வயலிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கிறது. கடற்கரை மாவட்டத்தார் நீண்ட காலம் வைத்திருக்கும் ஆசையைக் குறைத்துக்கொள்வது நல்லது. 2011 டிசம்பரில் தானே புயலும் 2018 நவம்பரில் கஜா புயலும் வீசியபோது, சாய்ந்த மரங்கள் எல்லோருடையதும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்து விலை எப்படிச் சரிந்தது என்பதை அங்குள்ளவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

விற்பதற்கு முன் தயவுசெய்து ஒரு நாள் தோட்டத்துக்குள் நடங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் நாடாவால் அளந்து, எண்ணிட்டு, நோட்டில் எழுதிவையுங்கள். எந்த மரம் போக வேண்டும் என்ற வண்ணக் குறியை நீங்கள் போடுங்கள். வியாபாரியின் கையில் தூரிகையைக் கொடுக்காதீர்கள். தோட்டத்தைக் குத்துமதிப்பாகப் பேசி முன்பணம் வாங்குவதைப் போன்ற அறியாமை வேறில்லை. கன அடிக்கோ டன்னுக்கோ விலை பேசி, குறைந்தது மூன்று பேரிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வெட்டவும் ஏற்றிச் செல்லவும் உங்கள் மர இனத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதை வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு அறியுங்கள். தரகர் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், வண்டி பிடிபடும்போது சிட்டாவில் இருக்கும் பெயர் உங்களுடையது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே பெரியதைப் பறிகொடுத்தவர்கள் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு இன்னொரு பத்தாண்டை வீணாக்க வேண்டாம். நேராக, உச்சி கெடாமல் நிற்பவை ஏக்கருக்கு நூறாவது தேறினால் அவற்றை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடலாம். தேறவில்லை என்றால் மழைக்கு முன் அனைத்தையும் தரையோடு வெட்டிவிடுங்கள். தேக்கின் குத்து நன்றாகத் தளிர்க்கும். பழைய வேர் இருப்பதால் முதலிரண்டு ஆண்டுகளில் அந்தத் தளிர் புது நாற்றை முந்தி ஓடும். வெட்டிச் சென்ற பெரிய மரங்களின் குத்துகளும் உயிரோடு இருந்தால், நல்ல வளர்ச்சிக் குணம் உள்ளவை அவைதாம் என்பதால், அவற்றின் தளிர்களுக்கே முதலிடம் கொடுங்கள். ஒரு குத்துக்கு நேரான ஒரு தளிரை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், ஆடு மேயாமல் இரண்டு ஆண்டு பாருங்கள், நான்காம் ஆண்டில் கலைப்பதற்கு என்னையோ வேறொருவரையோ கூப்பிடுங்கள், வியாபாரியை வேண்டாம்.