காதில் வெறியை ஓதி அனுப்பாதீர்கள்

போன ஞாயிறு திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோருக்கான செஸ் போட்டி. நான்தான் ஆர்பிட்டர், அதாவது நடுவர். கடைசி ரவுண்டு, முதல் போர்டில் இரண்டு சிறுமிகள். இரண்டு வீட்டாருக்கும் பேச்சே கிடையாது. ஒரு அப்பா குனிந்து மகள் காதில் சொன்னது எனக்கே கேட்டது: "அவளைப் பார்த்துச் சிரிக்காத. விடாம அடி."

பிள்ளை கை கொடுக்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினாள். தன் யானையைத் தொட்ட பிறகுதான், அதை நகர்த்தினால் ராணி போகும் என்று தெரிந்தது. விரல் அப்படியே நின்றுவிட்டது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், அது விதி. தோற்றபோது, அவள் யோசிக்கக் கிடைத்த 25 நிமிஷத்தில் 21 நிமிஷம் மிச்சம். வாசலில், ஸ்கூட்டர் பக்கத்தில் வைத்து, அறை விழுந்தது. இந்த வருஷம் நான் பார்க்கும் நாலாவது அறை.

ஓடிப்போய்த் தடுத்தேன். "வெறி இல்லாம ஜெயிக்க முடியுமா சார்? காஸ்பரோவுக்குக் கார்போவைக் கண்டாலே ஆகாதாமே?" என்றார் அந்த அப்பா.

ஆகாதுதான். இருவரும் உலக செஸ் பட்டத்துக்காகப் பல வருஷம் மோதியவர்கள். ஆனால் அவர்கள் ஆடிய செவில் ஆட்டத்தை ஒருமுறையாவது போட்டுப் பார்த்தீர்களா? 1987 டிசம்பர், ஸ்பெயினின் செவில் நகரம், உலகப் பட்டப் போட்டி. சாம்பியன் காஸ்பரோவ். 23 ஆட்டம் முடிந்து கார்போவ் 12-11 என முன்னிலை. முந்தைய ஆட்டத்தில் தப்பு செய்து தோற்றவர் காஸ்பரோவ். கடைசி ஆட்டம் டிரா ஆனாலே பட்டம் போய்விடும். அந்த நிலையில் அவர் பாய்ந்தாரா? சி4 என்று ஒரு சிப்பாயை நகர்த்தி நிதானமாக ஆரம்பித்தார். முதல் பத்து நகர்வில் ஒரு காய்கூட வெட்டுப்படவில்லை. காய்களைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். நேரம் போதாமல் திணறியது கார்போவ். ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போய், 64-வது நகர்வில் கார்போவ் விட்டுக்கொடுத்தார். 12-12. சமநிலை என்பதால் பட்டம் சாம்பியன் காஸ்பரோவிடமே தங்கியது. பகை இருந்தது. அதைக் கையில் ஏறவிடவில்லை.

1984 முதல் 1990 வரை பட்டத்துக்காக மட்டும் இருவரும் 144 ஆட்டம் ஆடினார்கள். 104 டிரா! டிராவைத் தோல்வி என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2007-ல் காஸ்பரோவ் மாஸ்கோவில் காவலில் இருந்தபோது பார்க்கப் போனவர் இதே கார்போவ். அனுமதிக்கவில்லை, ஆனாலும் போனார்.

போட்டியன்று காலை இட்லியோ தோசையோ, வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுங்கள். ரவுண்டு முடிந்து வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், கழிவறைக்குக் கூட்டிப்போங்கள். அடுத்த ரவுண்டுக்குள் போனில் எஞ்சினை (செஸ் ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் புரோகிராம்) போட்டுத் தப்பைக் காட்டாதீர்கள், அது வீட்டில். ஜன்னலில் முகத்தை ஒட்டி நிற்காதீர்கள். பிள்ளை பலகையை விட்டு உங்களைத்தான் பார்க்கிறது. ஞாயிறு காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது என்றால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். கை நீட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

புதன்கிழமை அந்தச் சிறுமி என் செஸ் வகுப்புக்கு வந்தாள். செவில் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். "பத்து மூவ் ஆச்சு, இவர் ஒண்ணுமே அடிக்கலையே சார்?" என்றாள். அப்பா வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.