பட்ஜெட்டில் வாத்தியார் பெயர் எங்கே?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆடிட்டர் தொழில் செய்கிறேன். கடைக்காரர்கள், காண்ட்ராக்டர்களுக்கு நடுவே கூத்துக்காரர்கள், சுடுமண் சிற்பம் செய்பவர்கள், அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்து முடித்த பிள்ளைகள் என்று ஒரு கூட்டமும் என் அலுவலகத்துக்கு வரும். பெரும்பாலும் நல்கைக்கு (கிராண்ட்) விண்ணப்பிக்கக் கடைசி தேதி நெருங்கும்போது. அவர்கள் எழுதி எடுத்துவரும் வரைவில் முதல் பத்தி எல்லோருக்கும் ஒன்றுதான்: மூன்று தலைமுறையாகக் கலையே தொழில், இன்னின்ன மேடையில் பொன்னாடை, இப்போது நலிந்துவிட்டோம், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து...

உதவித்தொகை மனுவுக்கு இது பொருந்தும். நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவி, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் கல்வி, திருமண உதவிகள் இவற்றுக்கெல்லாம் வயதும் வருமானமும் நிலைமையும்தான் தகுதி. புதிய படைப்புக்குக் கொடுக்கும் நல்கையில் தேர்வுக்குழு தேடுவதே வேறு. இதுவரை இல்லாத எதைச் செய்யப் போகிறீர்கள், யாரை வைத்து, எத்தனை மாதத்தில், என்ன செலவில்? கஷ்டத்தை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் இந்தக் கேள்விகளுக்கு அதில் பதில் கிடைக்காது.

பாகூர் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்ததே, அதை வைத்துப் புதுசாக ஒரு கூத்து கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பாரதக் கதையை விட்டுவிட்டு அதே அடவு, அதே ராகம், கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் மட்டும் முந்திரி வியாபாரி. பேசிக்கொண்டே மேசையில் தாளம் தட்டி ஒரு தருவும் (கூத்துப் பாட்டு) பாடிக் காட்டினார். அபாரம்! ஆனால் அவர் கொண்டுவந்த தாளில் முந்திரியும் இல்லை, புயலும் இல்லை. தாத்தா வாங்கிய விருது இருந்தது. பட்ஜெட் என்ற இடத்தில் ஒரே வரி: 'கூத்துச் செலவு ரூ.1,00,000'.

அந்த ஒரு வரியைப் பிரிக்கத்தான் நேரம் பிடித்தது. ஒத்திகைக்கு எத்தனை பேர் வருவார்கள்? எட்டுப் பேர். அவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள்? "டீயும் சோறும் போடுவோம், நம்ம பசங்கதானே சார்." பாட்டு யார் எழுதுவது? "நான்தான்." அதற்கு? சிரித்தார்.

இங்கேதான் நம் கலைஞர்கள் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மைக் செட், வேன் வாடகை, கிரீடத்துக்கு ஜிகினாத்தாள் எல்லாம் ரூபாய் சுத்தமாக வந்துவிடும். எழுதுகிறவர், சொல்லிக்கொடுக்கிறவர், ஆடுகிறவர் கூலி மட்டும் இருக்காது. தன் கூலியைக் கேட்டால் பேராசை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். உண்மையில் பட்ஜெட்டில் கலைஞர் கூலி இல்லாவிட்டால் படிக்கிறவருக்கு இரண்டு சந்தேகம் வரும்: ஒன்று, இவருக்குத் திட்டம் போடத் தெரியவில்லை; இரண்டு, கூலியை வேறு எந்தத் தலைப்பிலோ ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல.

கடைசியில் அவருடைய ஒரு லட்சம் ஏறக்குறைய இப்படி நின்றது. ஒத்திகைக் கூலி, எட்டுப் பேருக்குப் பன்னிரண்டு நாள், நாளுக்கு 500 வீதம் 48,000. கதையும் பாட்டும் எழுத வாத்தியாருக்கு மாதம் 10,000 வீதம் இரண்டு மாதத்துக்கு 20,000. தோப்புக்காரர்களைப் பார்த்துப் பேசிவர 6,000. ஒப்பனை, உடை 12,000. இரண்டு அரங்கேற்றத்துக்கு வேன், மைக் 14,000. தொகை அதேதான். ஆனால் இப்போது படிக்கிறவர் கண்முன் ஒரு வேலை நடக்கிறது. கால அட்டவணையும் தானாக வந்துவிட்டது, ஏனென்றால் பங்குனியிலிருந்து ஆடி வரை எட்டுப் பேரில் ஒருவர்கூட ஒத்திகைக்குக் கிடைக்க மாட்டார்கள். எல்லோரும் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகை போட்டு அரங்கேற்றம் என்று எழுதவும் முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே. வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலை செய்பவர்களுக்கு இன்னும் சிக்கல்: மழைக்காலத்தில் பச்சை மண் காயாது, சூளை ஈரம் குடித்துவிடும். தில்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு இது தெரிய வேண்டிய அவசியமில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதில் நம் பகுதிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கிருமாம்பாக்கம் புதுச்சேரி. ஒரே ஜமாவில் (கூத்துக் குழுவில்) ஆர்மோனியக்காரர் இந்தப் பக்கம், மிருதங்கக்காரர் அந்தப் பக்கம். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் உதவிகள் தமிழ்நாட்டுக் கலைஞர்களுக்கு; புதுச்சேரிக்காரர்கள் தங்கள் கலை பண்பாட்டுத் துறையைத்தான் பார்க்க வேண்டும். யார் பெயரில் விண்ணப்பம் போகிறதோ அவருடைய ஆதார் முகவரி எந்த மாநிலம் என்பதை முதலில் பாருங்கள். இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவாக இருப்பவை தேசிய அளவிலானவை. மத்திய கலாசார அமைச்சகத்துக்காக அதன் பண்பாட்டு வள, பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. நடத்தும் திட்டத்தில் 25 முதல் 40 வயது வரை ஜூனியர் ஃபெலோஷிப், மாதம் 10,000. நாற்பதுக்கு மேல் சீனியர், மாதம் 20,000. இரண்டும் இரண்டு வருடத்துக்கு. 18 முதல் 25 வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 உதவித்தொகை தனி. பணம் மாதாமாதம் வராது, ஆறு மாதத் தவணையாக வரும். அறிக்கை அனுப்பாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நல்கை கொடுத்து வருகிறது. அங்கே தமிழிலேயே எழுதி அனுப்பலாம். இது தெரியாமல், ஆங்கிலம் வராது என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் பையனை வைத்து ஓட்டை ஆங்கிலத்தில் எழுதி, சொந்த வேகத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

பணம் வந்த பிறகு நடக்கும் கூத்துகள் தனி. மேடைப் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் இனிஷியல் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் முன்னால். இதனாலேயே தொகை திரும்பிப் போனதுண்டு. விண்ணப்பிக்கும் முன்பே சரி செய்துவிடுங்கள். நல்கைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். கடன் தவணை பிடிக்கும் பழைய கணக்கில் போட்டால், ஒத்திகை தொடங்கும் முன்பே வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஏரி மண் ஏற்றிவந்த டிராக்டர்காரரும் சூளைக்குச் சவுக்கு விறகு போட்டவரும் பில் தரமாட்டார்கள், பரவாயில்லை. தேதி, தொகை, வேலை, பெயர், போன் நம்பர் எழுதி கையெழுத்து வாங்கிய வவுச்சர் போதும், 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி. இதை அன்றன்றைக்குச் செய்தால் பயனீட்டுச் சான்றிதழ் (பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற சான்று) தயாரிப்பது அரை நாள் வேலை.

வரி விஷயம் சுருக்கமாக: வருமான வரித்துறையில் பதிவு பெற்ற டிரஸ்ட் தரும் நல்கைக்கும், தனியார் ஒருவர் பிரியப்பட்டுக் கொடுக்கும் தொகைக்கும் வரி ஒன்றல்ல. உறவினரல்லாத தனிநபர்களிடமிருந்து வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்தால் அந்த முழுத் தொகையும் உங்கள் வருமானம். 'தொழில்முறைக் கட்டணம்' என்று போட்டு பத்து சதவீதம் வரியை முன்கூட்டியே (டி.டி.எஸ்.) பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தும் அதை விட்டுவிட்டவர்கள் நிறைய.

புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வெளிநாட்டுப் பணம். உங்கள் வேலையைப் பார்த்து ரசித்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊர் திரும்பி, எங்கள் சங்கம் வழியாக உதவுகிறோம் என்பார். நல்ல மனசுதான். ஆனால் கலைத் திட்டத்துக்கென்று வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெற்ற டிரஸ்ட் ஒன்றில் போட்டு உங்களுக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். 2020 திருத்தம் அப்படிக் கைமாற்றுவதைத் தடுத்துவிட்டது. நிகழ்ச்சி நடத்தியதற்கோ பொருள் விற்றதற்கோ உரிய கட்டணமாக வந்தால் அது வேறு கணக்கு. அக்கவுண்ட் நம்பர் கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஓவியர்களுக்கு இன்னொன்று. தங்கும் இடமும் கைச்செலவும் தருகிறோம், எங்கள் விடுதிச் சுவரில் வரைந்து தாருங்கள் என்று ஒரு ஒப்பந்தம் வரும், தலைப்பில் நல்கை என்றே போட்டிருப்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். நாளைக்கு அதை டீ ஷர்ட்டில் அச்சடித்து விற்றாலும் நீங்கள் பங்கு கேட்க முடியாது. 'பதிப்புரிமை கலைஞருக்கே' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கொடுப்பவர் நேர்மையானவர் என்றால் இதற்குத் தயங்க மாட்டார்.

வாட்ஸ்அப்பில் அரசு முத்திரையோடு வரும் 'கலைஞர் நிதி தேர்வுப் பட்டியல்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொகையை விடுவிக்க 'பிராசஸிங் கட்டணம்' கேட்டால் அது மோசடி. ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.