நோலி மே தாங்கெரே: தமிழில் எப்படிச் சொல்வது?

பிலிப்பைன்ஸில் பள்ளிக்கூடம் போன யாரிடமும் ‘நோலி’ என்று சொன்னால் போதும், எந்தப் புத்தகம் என்று தெரிந்துவிடும். பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த காலத்தில், அந்நாட்டவரான ஹோசே ரிசால் ஸ்பானிய மொழியில் எழுதி 1887-ல் பெர்லினில் அச்சிட்ட நாவல் அது. முழுப் பெயர் ‘நோலி மே தாங்கெரே’. நாவல் ஸ்பானியம், பெயர் மட்டும் லத்தீன். தமிழில் எழுதும்போது பெயரை அப்படியே விட்டுவிடலாம்தான். ஆனால் பொருள் தெரியாமல் விட்டால், ரிசால் எதைக் குறிவைத்து எழுதினார் என்பதில் பாதி பிடிபடாமலே போய்விடும்.

தொடரில் மூன்று சொற்கள். ‘மே’ என்றால் ‘என்னை’. ‘தாங்கெரே’ என்றால் ‘தொட’. ‘நோலி’ என்பது ‘விரும்பாமல் இரு’ என்னும் வினையின் ஒருமை ஏவல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘என்னைத் தொட விரும்பாதே’ என்று வரும். ஆனால் ஒன்றைச் செய்யாதே என்று சொல்ல லத்தீனில் இதுவே வழக்கமான அமைப்பு. அதனால் விருப்பத்தை உள்ளே இழுக்காமல் ‘என்னைத் தொடாதே’ என்பதே நேர்ப்பொருள். இந்தத் ‘தாங்கெரே’ குடும்பம் பெரியது. கணக்குப் பாடத்தில் வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோட்டுக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள பெயர் இதிலிருந்து வந்ததுதான். நாமும் அதைத் தொடுகோடு என்கிறோம். ‘கூட’ என்னும் பொருளுள்ள முன்னொட்டு சேர்ந்தால் தொற்றுநோயைக் குறிக்கும் சொல் கிடைக்கும். நோயின் வாடை இந்த வேரிலேயே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

தொடரின் பிறப்பிடம் யோவான் நற்செய்தி, 20-ஆம் அதிகாரம், 17-ஆம் வசனம். கல்லறை வெறுமையாகக் கிடக்கிறது. வெளியே அழுதுகொண்டு நிற்கும் மகதலேனா மரியாள், எதிரில் இருப்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் உயிர்த்தெழுந்த இயேசு என்று தெரிகிறது. அப்போது அவர் அவளிடம் சொல்வது இது. மூலமான கிரேக்கத்தில் உள்ள வினை, தொடுவதைவிடப் பிடித்துக்கொண்டே இருப்பதன் பக்கம் சாய்வது. தமிழிலும் இந்த இரட்டைத் தடம் பதிந்திருக்கிறது. புரோட்டஸ்டண்ட் சபைகளின் பழைய வேதாகமத்தில் ‘என்னைத் தொடாதே’ என்று இருக்கும், கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘என்னை இப்படிப் பற்றிக் கொள்ளாதே’ என்று இருக்கும். லத்தீன் மொழிபெயர்ப்பு ‘தொடாதே’ என்றே எடுத்துக்கொண்டது. ஃப்ரா ஆஞ்செலிகோ, டிஷியன் போன்ற ஓவியர்கள் இந்தக் காட்சியைத் தீட்டியதில், லத்தீன் தொடரே அந்தக் காட்சியின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

ரிசால் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொற்களை லூக்கா நற்செய்தியிலிருந்து எடுத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். அது யோவானில் உள்ளது, லூக்காவில் இல்லை. அதே கடிதத்தில் அவர் சொல்லும் காரணம்தான் நமக்கு முக்கியம்: இதுவரை எங்களில் யாரும் பேசாத விஷயங்கள் இந்தப் புத்தகத்தில் இருக்கின்றன, யாரையும் தொடவிடாத அளவுக்கு நொய்மையானவை அவை என்கிறார். தேவாலயத்தில் ஒலித்த வாக்கியம் இங்கே வேறொரு பொருளுக்கு நகர்ந்துவிட்டது.

அந்தப் பொருள் மருத்துவத்திலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள், முகத்தில் வந்து அரித்துக்கொண்டே போகும் ஒருவகைப் புண்ணுக்கு ‘நோலி மே தாங்கெரே’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். கைவைத்தால் அது இன்னும் சீறும், ஆகையால் தொடாதே. ரிசாலும் மருத்துவர். மத்ரீதில் மருத்துவம் படித்து, பாரிஸிலும் ஹைடல்பெர்க்கிலும் கண் மருத்துவர்களிடம் பயிற்சி பெற்றவர். நாவலைத் தன் தாய்நாட்டுக்குக் காணிக்கையாக்கும் முன்னுரையை அவர் இப்படித்தான் தொடங்குகிறார்: மனிதரின் துன்ப வரலாற்றில் ஒரு புற்று உண்டு, இலேசாகத் தொட்டாலே சினந்து கடும் வலியைக் கிளப்பும் அளவுக்குக் கொடியது. உன்னை நினைக்கும்போதெல்லாம் அதேபோன்ற ஒரு சமூகப் புற்றுதான் என் கண்முன் வருகிறது என்று நாட்டைப் பார்த்துச் சொல்கிறார். பழங்காலத்தார் நோயாளிகளைக் கோயில் படிகளில் கிடத்துவார்களாம், சாமி கும்பிட வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லட்டும் என்று. அதையே நானும் செய்கிறேன் என்கிறார். உன் பிள்ளை என்பதால் உன் குறைகளும் பலவீனங்களும் எனக்கும் உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறார். இந்தக் கடைசி வரிக்காகவே எனக்கு அந்த முன்னுரை மேல் தனி மரியாதை. வெளியே நின்று நோயைச் சுட்டிக்காட்டுகிறவர் எழுதக்கூடிய வரி அல்ல அது.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. லத்தீனில் இந்த நோயின் பெயர் நண்டிலிருந்து வந்தது. தமிழில் அது புற்று. கறையான் கட்டியது, உள்ளே பாம்பு இருக்கக்கூடியது, உள்ளே கையை விடக் கூடாதது. ‘எந்தப் புற்றில் எந்தப் பாம்பு இருக்குமோ’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு, ‘தொடாதே’ என்ற எச்சரிக்கை நோயின் பெயரிலேயே கேட்கும்.

சரி, தொடக் கூடாதது என்று அந்தச் சமூகத்தில் எது இருந்தது? முதலில் வருவது துறவிகளின் அதிகாரம். ஸ்பெயின் நாட்டு ஆளுநர்கள் சில ஆண்டுகளில் மாறிப்போவார்கள். ஊர்த் தேவாலயப் பங்குகளைக் கையில் வைத்திருந்த பிரான்சிஸ்கன், டொமினிக்கன், அகுஸ்தீனியத் துறவு சபைகள் மாறாமல் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்குப் பெரும் பண்ணைகளும் இருந்தன. ரிசாலின் சொந்த ஊரான கலம்பாவில் நிலம் டொமினிக்கன் சபைக்குச் சொந்தம், அவர் குடும்பம் அதில் குத்தகைதாரர்கள்.

நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு விருந்து வருகிறது. மணிலாவில் கபித்தான் தியாகோ என்னும் பணக்காரர் வீடு. ஐரோப்பாவில் ஏழு ஆண்டு படித்துவிட்டுத் திரும்பிய கிரிசோஸ்தோமோ இபார்ரா என்ற இளைஞனுக்காக வைத்த விருந்து. தினோலா என்னும் கோழிச் சாறு பரிமாறப்படுகிறது. சான் தியேகோ ஊரில் இருபது ஆண்டு பங்குத்தந்தையாக அதிகாரம் செலுத்திய பாதிரியார் தமாசோவின் தட்டில் பூசணித் துண்டுகளுக்கு நடுவே வெறும் கழுத்தும் முரட்டு இறக்கையும் விழுகின்றன, நல்ல கறியெல்லாம் மற்றவர் தட்டுக்குப் போகிறது. அவர் பூசணியை நசுக்கி, கொஞ்சம் சாறு குடித்து, கரண்டியைச் சத்தமாகப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுகிறார். பெரிய மனிதர் ஒருவரின் ஆணவத்தை ஒரு கோழிக் கழுத்தை வைத்தே காட்டிவிடுகிறார் ரிசால். அவருடைய அங்கதம் இப்படித்தான் வேலை செய்யும். வசைபாட மாட்டார், சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கவிடுவார்.

சிரிப்பு அதிக நேரம் நீடிப்பதில்லை. இபார்ராவின் தகப்பனார் சிறையில் செத்துப்போனது அடுத்து தெரியவருகிறது. ஒரு சிறுவனை அடித்துக்கொண்டிருந்த வரி வசூல்காரனைத் தடுக்கப் போய், அவன் விழுந்து இறந்துபோக, ஊரின் பகையெல்லாம் ஒன்று சேர்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. மதவிரோதி என்றார்கள், ‘பிலிபுஸ்தெரோ’ என்றார்கள். அந்தச் சொல்லின் கதை தனி. கொள்ளைக்காரன் என்னும் டச்சுச் சொல் பிரெஞ்சு வழியாக ஸ்பானியத்துக்கு வந்து, முதலில் கடற்கொள்ளையனைக் குறித்து, பிலிப்பைன்ஸில் அரசுக்கு எதிராகப் பேசுகிற எவனையும் குறிப்பதாக ஆனது. நம் காலனிய காலத் தமிழில் ‘ராஜத்துரோகி’ என்பதே அதற்குக் கிட்டத்தில் வரும். நாவலில் ஊர்ச்சனங்கள் அதை ‘பிளிபெஸ்திரோ’ என்று உச்சரித்து, தாங்கள் கேட்ட வசவுகளிலெல்லாம் இதுதான் மோசமோ என்று குழம்பிப் பேசிக்கொள்வார்கள். பொருள் தெரியாத சொல்லால்தான் ஒரு மனிதனின் வாழ்க்கை முடிந்திருக்கிறது. செத்த பிறகும் விடவில்லை. பாதிரியார் உத்தரவில் உடலைத் தோண்டியெடுத்துச் சீனர் இடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல, மழையில் பாரம் தாங்காமல் ஏரியில் வீசிவிடுகிறார்கள்.

நாவலில் வரும் சீசா என்னும் ஏழைத் தாயின் கதை இன்னும் கொடியது. அவளுடைய இரண்டு சின்னப் பையன்கள் கோயிலில் மணியடிக்கும் வேலை பார்க்கிறார்கள். அன்றிரவு அவர்கள் வருவார்கள் என்று, கேட்டு வாங்கிய வாத்துக் கால், உலர்த்திய கறி, மீன் எல்லாம் வைத்து நல்ல சாப்பாடு சமைக்கிறாள். சூதாடிப் புருஷன் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகிறான். மிச்சம் மூன்று சிறு கருவாடு. மறுபடி சோறு வடித்து அவற்றைச் சுட்டுவைக்கிறாள், ஆளுக்கு ஒன்றரை வரும் என்று கணக்குப் போட்டு. பிள்ளைகள் மேல் திருட்டுப் பழி விழுந்திருப்பது அவளுக்குத் தெரியாது. சின்னவன் திரும்பி வரவே இல்லை, அவளும் புத்தி பேதலித்துப் போகிறாள். ‘என்னைத் தொடாதே’ என்று நோய்தான் சொல்கிறது என்பது இங்கே விளங்கும். வலிப்பது உடம்பு, விரட்டுவது புற்று. நாவலாசிரியர் அந்தக் கட்டளையை மீறிக் கைவைக்கிறார்.

கைவைத்ததற்கு விலை இருந்தது. நண்பர் மாக்சிமோ வியோலா கடன் கொடுத்த 300 பெசோவில் அச்சான 2000 பிரதிகள் ஊர் வந்து சேர்ந்ததும், மணிலாவின் சாந்தோ தொமாஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று நூலை மதவிரோதமானது, நாட்டுப்பற்றுக்கு எதிரானது என்று தீர்ப்பெழுதியது. தணிக்கைக் குழுவும் தடையைப் பரிந்துரைத்தது. 1888-ல் அகுஸ்தீனியத் துறவி ஒருவர் நோலிக்கு எதிராக, பிலிப்பைன்ஸ் மொழிகளில் ஒன்றான தகாலோகில் ‘காயிங்காத் காயோ’ என்று ஒரு சிற்றேடு போட்டார். ‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று பொருள். ரிசாலின் பக்கம் நின்ற எழுத்தாளர் மார்செலோ டெல் பிலார் ஒரே ஒரு எழுத்தை எடுத்துவிட்டு ‘காயிகாத் காயோ’ என்று பதில் எழுதினார். ‘இகாத்’ என்றால் விலாங்கு மீன். விலாங்குபோல் வழுக்கித் தப்புங்கள் என்று அர்த்தம் மாறிப்போனது. ரிசாலை 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானிய ஆட்சியாளர்கள் சுட்டுக் கொன்றார்கள். 1956-ல் வந்த சட்டம் அவர் நாவல்களைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்கியது. அதைக் கத்தோலிக்கத் திருச்சபை அப்போதும் எதிர்த்தது.

இனி தமிழ்ப் பெயருக்கு வருவோம். பிற மொழிக்காரர்கள் ஆளுக்கொரு வழி போயிருக்கிறார்கள். 1899-ல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் பெயர் ‘துறவிகளின் நாட்டில்’. 1912-ன் ஆங்கிலப் பதிப்பு ‘சமூகப் புற்று’ என்று முன்னுரையிலிருந்து எடுத்துக்கொண்டது. தகாலோகில் ‘ஹுவாக் மோ அகோங் சலாங்கின்’ என்று நேர்ப்பொருளிலேயே சொல்வதுண்டு.

தமிழில் ‘தொட்டாற்சிணுங்கி’ என்று போட்டால் பிழை. இதே லத்தீன் தொடரைப் பெயராகக் கொண்ட செடி ஒன்று ஐரோப்பாவில் உண்டு, ஆனால் அது நம் காசித்தும்பையின் இனம், தொட்டால் காய் வெடித்து விதை தெறிப்பது. தொட்டாற்சிணுங்கி வேறு. அதோடு, சிணுங்கும் செடி ஒடுங்கிக்கொள்ளும், ரிசாலின் புற்று பாய்ந்து கடிக்கும். ‘தீண்டாதே’ என்பது கேட்க அழுத்தமாக இருக்கும், பாம்பு தீண்டியது என்ற வழக்கும் துணைக்கு வரும். ஆனாலும் அதை வைக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். தீண்டாமை என்ற சொல்லைச் சுமக்கும் மொழியில், தீண்டக் கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டது ஒடுக்கப்பட்ட மனிதர். ரிசாலின் நாவலில் தொட முடியாதது மேலே இருந்த அதிகாரம். திசையே தலைகீழாகிவிடும். ‘சமூகப் புற்று’ நோயைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் கட்டளை இடும் குரல் அதில் இல்லை.

‘என்னைத் தொடாதே’ என்பதே பொருத்தம். வேதாகமத் தமிழில் ஏற்கெனவே உள்ள தொடர் என்பதால், ரிசால் வைத்த விவிலிய எதிரொலியும் தானாக வந்துவிடும். எழுதும்போது முதல் தடவை ‘நோலி மே தாங்கெரே’ என்று போட்டு, ‘என்னைத் தொடாதே’ என்று பொருள் தந்துவிட்டு, பிறகு ‘நோலி’ என்று தொடரலாம், பிலிப்பைன்ஸ்காரர்கள் செய்வதுபோலவே. ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றி ‘மீ’, ‘டாஞ்சரி’ என்று எழுத வேண்டியதில்லை. ஸ்பானிய ஒலிப்படி கடைசிச் சொல் ‘தான்ஹெரே’, பழைய லத்தீன் ஒலிப்படி ‘தாங்கெரே’. தொடர் லத்தீன் ஆகையால் பின்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் பெயரை மட்டும் ஸ்பானிய ஒலிப்படி ‘ஹோசே’ என்று எழுதுங்கள், ‘ஜோஸ்’ வேண்டாம்.