எஞ்சினில் கை வைக்கும் முன் காரின் அடியைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது கார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, தண்டையார்பேட்டையில் எங்கள் ஷெட் வாசலில் ஒரு டோயிங் வண்டி வந்து நின்றது. மேலே இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். பின்பக்க இடது சக்கரம் உள்ளே மடிந்து கிடந்தது. ஓட்டிய பையனுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். காறை எலும்பு முறிந்து, கட்டுப் போட்ட தோளோடு ஆட்டோவில் பின்னாலேயே வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வந்த அக்காவுக்கு நெற்றியில் ஆறு தையலாம்.

“ரோடு சரியில்லைண்ணா. ஜாயின்ட்ல வண்டியத் தூக்கிப் போட்டுடுச்சு” என்றார்.

மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையில் ஒரு பாலத்தின் இரண்டு துண்டுகள் சேரும் ஜாயின்ட் அது. நானும் அதன் மேல்தான் போய் வருகிறேன். கன்டெய்னர் லாரி போகிறது, குடும்பத்தோடு டூவீலர் போகிறது. யாரையும் அது தூக்கிப் போடவில்லை. காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எஞ்சினை ரீமேப் செய்து, அதாவது அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, அறுபது குதிரைத்திறன் கூட்டியிருக்கிறார். நான்கு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று அறுத்திருக்கிறது. ஷாக் அப்சார்பர்கள் கார் வாங்கியபோது வந்தவை. பின்னால் ஒன்றில் ஆயில் ஒழுகிக் காய்ந்து போயிருந்தது. பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்மின் புஷ், அதாவது அதன் ரப்பர் உறை, இரண்டாகக் கிழிந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் 1517 என்ற எண். 2017-ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரத்தில் செய்த டயர் அது. ரப்பர் கல் மாதிரி இருந்தது.

எஞ்சினுக்குச் செலவழித்ததில் கால்வாசி அடியில் செலவழித்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தையல் விழுந்திருக்காது. இதை அந்தத் தம்பியிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங்கை ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். “வண்டி இறங்கி டைட்டா இருந்தா ரோட்டைப் பிடிச்சுக்கும்ணா.” இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன், இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத வாரம் கிடையாது. ரோட்டைப் பிடிப்பது டயர். டயர் மட்டும்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அந்த நான்கு உள்ளங்கையும் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வதுதான் சஸ்பென்ஷனின் வேலை. ரோடு பள்ளமானால் சக்கரம் கூடவே கீழே இறங்க வேண்டும், மேடானால் கூடவே ஏற வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கிய வண்டியில் சக்கரத்தால் அதைச் செய்ய முடியாது. ஜாயின்ட்டில் மோதியதும் வண்டி மொத்தமாக எகிறும், சக்கரம் ஒரு நொடி தரையைத் தொடாது. அந்த நேரத்தில் ஸ்டியரிங் இருந்தும் இல்லை, பிரேக் இருந்தும் இல்லை. ஆக்சிலரேட்டரில் கால் இருந்தால் அந்தச் சக்கரம் காற்றில் சுழன்று, சுழலும் வேகத்தோடே தரையில் இறங்கும். பின்சக்கர இழுவை உள்ள காரில் வால் வீசுவது அப்போதுதான்.

“ரேஸ் கார் எல்லாம் கல் மாதிரிதானே இருக்கு?” இதுவும் உடனே வரும். ரேஸ் கார் ஓடுவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். எண்ணூர் நெடுஞ்சாலையில் இல்லை, மணலியில் கன்டெய்னர் லாரிகள் வரப்பு மாதிரி தடம் பதித்து வைத்திருக்கும் ரோட்டிலும் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாஸ்டர் சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அங்கே கார்களுக்கு வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. அங்கே ஓடும் காருக்குக்கூட எடுத்தவுடன் ஸ்பிரிங்கை மாற்ற விடமாட்டாராம். முதலில் டயர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்ப்பாராம். எங்களுக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுத்தார்.

இன்னொன்று, வளைவில் வண்டி சாய்வதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சாய்வும் எடை மாற்றமும் வேறு வேறு. வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு எவ்வளவு எடை போகும் என்பதை, எடை மையத்தின் உயரமும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலமும் நீங்கள் திரும்பும் வேகமும் முடிவு செய்கின்றன. தரையிலிருந்து அரை மீட்டரில் இருக்கும் எடை மையம் 4 செ.மீ. இறங்கினால் நூற்றுக்கு எட்டுதான் குறையும். அந்த எட்டுக்காக மற்ற எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறீர்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் ஸ்ட்ரட் அமைப்புதான், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. அதை அளவுக்கு மீறி இறக்கினால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்துப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய், இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடிவிடும். கடைசியில், சாயக் கூடாது என்று இறக்கிய வண்டி அதிகமாகச் சாயப் பார்க்கும். அதோடு ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

அறுத்த ஸ்பிரிங்கில் இன்னும் ஒரு ஆபத்து இருக்கிறது. அறுத்த முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து நகரும். அமுங்கும்போதோ இடமே இல்லாமல் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்த மூலையில் சஸ்பென்ஷனே இல்லாத மாதிரிதான். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். பம்ப் ஸ்டாப் நசுங்கித் தூளாகிக் கிடந்ததைக் கையில் எடுத்துக் காட்டினேன். கிரைண்டரால் ஸ்பிரிங் அறுத்துக் கொடுப்பவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஓட்டும் காருக்கு அதைச் செய்வீர்களா?

எஞ்சின் சக்தியைக் கூட்ட ஆசை இருந்தால், முதலில் கார் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கு அடியைக் கொண்டுவாருங்கள். புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், வீல் பேரிங். இதற்கே பாதிப் பேருக்கு வண்டி புதிதாகத் தெரியும், ரீமேப் ஆசையே போய்விடும். (தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: ரப்பர் புஷ் போல்ட்டை லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.) ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் தெருவில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக் காற்று வேறு. சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேம் மாட்டும் இடத்தில் துரு இருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். துருப்பிடித்த பாடியின் மேல் இரண்டு ஸ்ட்ரட்டையும் இணைக்கும் ஸ்ட்ரட் பாரைப் பளபளவென்று மாட்டி ஒரு பயனும் இல்லை.

அப்புறம் டயர், பிரேக். 100 கி.மீ. வேகத்தில் போகும் காரை நிறுத்துவதைவிட 140-ல் போகும் அதே காரை நிறுத்த, பிரேக் ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தியை விழுங்க வேண்டும். அத்தனையும் சூடாகத்தான் மாறும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கடலோரத்தில் இருக்கிறோம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக மாற்றுங்கள். கொதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாக வாங்குங்கள். தனித்தனியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். சாய்வைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரில் ரொம்பக் கவனம் தேவை. கம்பியின் கனம் கூடும்போது அதன் இறுக்கம் நான்காம் அடுக்கில் கூடும். 22 மி.மீ. கம்பியை 24 ஆக்கினாலே நூற்றுக்கு நாற்பது கூடிவிடும். சக்தி கூட்டிய பின்சக்கர இழுவைக் காரில் பின்னால் மட்டும் தடித்த கம்பி போட்டால், மழை நாளில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. எதையும் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுங்கள். வேகம் வேண்டுமென்றால் டிராக்குக்குப் போங்கள். வெளிவட்டச் சாலையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேண்டாம். அங்கே விளக்கில்லாமல் லாரி நிற்கும்.

அந்தத் தம்பியின் கார் இன்னும் எங்கள் ஷெட்டில்தான் நிற்கிறது. பழைய மேப்பைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன், சம்மதித்துவிட்டார். ஒரிஜினல் ஸ்பிரிங்கும் புது ஷாக்கும் வந்துவிட்டன, புஷ் வர வேண்டும். வேலை முடிந்து வண்டியை எடுத்துப் போகும் எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கொண்டு வாருங்கள். வீல் நட்டும் அலைன்மென்ட்டும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.