'வலிக்காது கண்ணு' என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

இந்த மாதம் இன்னொரு பிள்ளை. ஏழு வயது. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாளாம். பால் எடுக்கத் திறந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் அவளுக்கு இன்சுலின் ஊசி போடும் பேனா அதற்குள் இருக்கிறது. தாத்தா காலைப் பிடிக்க, சித்தப்பா கையைப் பிடிக்க, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்துகிறார். ஒரு நாளைக்கு நான்கு தடவை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சிறுவர் சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வரும் நம் குடும்பங்களிடம் இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஆயாவுக்கோ தாத்தாவுக்கோ சர்க்கரை இருக்கும். அதனால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். "மாத்திரை குடுக்கலாமே சிஸ்டர், ஊசி கடைசிக் கட்டத்துக்குத்தானே?" அது பெரியவர்களுக்கு வரும் வகை 2 சர்க்கரை நோய். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது வகை 1. அதற்கு முதல் நாளிலிருந்தே ஊசிதான். 1922 ஜனவரியில் டொரொண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் அதிக நாள் பிழைத்ததில்லை. பாகற்காய்ச் சாறு குடுத்தால் போதாதா என்பவர்களுக்கு: அது அப்போதும் இருந்தது.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். "வலிக்காது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." வலிக்கும். பிள்ளைக்கு அது முதல் ஊசியிலேயே தெரிந்துவிடும். கூடவே, அம்மா சொன்னது பொய் என்பதும் தெரிந்துவிடும். தடுப்பூசி என்றால் அந்தப் பொய் அன்றோடு போயிற்று. இது வருடத்துக்கு 1,460 ஊசி. அத்தனை தடவையும் பொய் சொல்லப்போகிறீர்களா? நாளைக்கு "இன்னிக்கு ரத்தம் எடுக்க மாட்டாங்க" என்று நீங்கள் உண்மையையே சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். "ஐயோ, மன்னிச்சுக்கோடா" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவாது. அம்மாவே கலங்குகிறாள் என்றால் என்னவோ பெரிதாக நடக்கப்போகிறது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சுருக்குன்னு இருக்கும். பத்து எண்ணினதும் முடிஞ்சிடும். வலது தொடையா, இடது தொடையா?" போடலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவள் முடிவு செய்யும் விஷயமில்லை. எந்த இடம், யார் மடி, யார் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் அவள் முடிவாக இருக்கட்டும்.

அந்தத் தாத்தா என்னிடம் கேட்டார்: "காவடியில அலகு குத்திக்கிறவங்க அழறாங்களா? இந்தத் துளி ஊசிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" நல்ல கேள்விதான் தாத்தா. அலகு குத்துபவர் தானே விரும்பி வந்தவர். நாள் கணக்கில் விரதமிருந்து மனதைத் தயார் செய்தவர். சுற்றிலும் மேளம், வேல் வேல் என்று குரல், தோளோடு தோளாகச் சொந்தக்காரர்கள். அவரை நாலு பேர் தரையில் அமுக்கியா குத்துகிறார்கள்? அவருக்குக் கிடைப்பதில் கொஞ்சத்தை உங்கள் பேத்திக்கும் கொடுங்கள்.

இனி கை வேலை. பேனா ஊசி 4 மில்லிமீட்டர் போதும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. மழுங்கிய ஊசியைத் திரும்பக் குத்திவிட்டு, பிள்ளை ஏன் கத்துகிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். குளிர்ந்த இன்சுலின் எரியும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை ஃபிரிட்ஜுக்கு வெளியே, 30 டிகிரிக்குக் கீழே வைக்கலாம், பெரும்பாலானவை 28 நாள் வரை தாங்கும். பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். டர்பன் வெயிலில் காருக்குள் மட்டும் வேண்டாம். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். ஊசி இறங்கும்போது சோப்புக் குமிழி ஊதட்டும். மரத்துப்போகும் கிரீமைக் கேட்கிறார்கள். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும், ரத்தம் எடுக்கும் நாளுக்குச் சரி, தினம் நாலு வேளைக்கு ஒத்துவராது.

ஒரே இடத்தில் குத்தக் குத்த அங்கே தடிப்பு வரும். தடித்த இடத்தில் வலி குறைவு என்பதால் பிள்ளை அதையே காட்டும். இரக்கப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே போட்ட இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது, சர்க்கரை ஏறி இறங்கி ஆட்டம் காட்டும்.

மருந்து இறங்கியதும் பத்து எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்கவேண்டும். ஒரு வீட்டில் அதை இங்கே பேசும் ஸூலு மொழியில் எண்ணுகிறார்கள். மகன் பள்ளிக்கூடத்தில் படித்தது. எட்டுக்கு 'இசிஷியகலொம்பிலி'. அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் அங்கே நாக்கு சுளுக்கும், பையன் சிரிப்பான், அதற்குள் பத்து வந்துவிடும். நான் சொல்லிக்கொடுத்த எந்த உத்தியும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. "சாப்பிடலன்னா சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்." தயவுசெய்து வேண்டாம். என்னைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டு, பிறகு என் அறைக்குள் வரமாட்டேன் என்கிறாள் என்று குறைப்படாதீர்கள்.

அழுகிறாளே என்று ஒரு வேளையைக்கூட விடாதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். பேனாவையும் சர்க்கரை குறித்த நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். பாதிப் பேர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.