அவர் வாயில் வரும் சொல்லுக்கு நம் பணம்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமையே வங்கியில் பணம் எடுத்து வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் ஆடிட் ஆபீசுக்கு ஒருவர் பதறியடித்து வந்தார். பல வருடமாக நான் கணக்குப் பார்க்கும் யூனிட் அவருடையது.

"ஏனுங் சார், பேங்க்ல எங்க கணக்கை முடக்கிட்டாங்களாமா. வேற ஸ்டேட் போலீஸ் சொல்லித்தான் பண்ணுனாங்களாமா. நாங்க என்னங் சார் தப்பு பண்ணுனோம்?"

ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தேன். துணிக்கோ தையல் கூலிக்கோ சம்பந்தமில்லாத பெயர்களிலிருந்து மூன்று வரவுகள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யூனிட் கணக்கின் யுபிஐ மகனுடைய போனில் இருந்தது. அந்தத் தம்பியை வரச் சொன்னேன்.

தம்பி ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அடுத்த ஆர்டர் வருமா வராதா என்று ஊரே கலங்கியிருந்த நேரம். டிரம்ப் எங்கே பேசினாலும் ராத்திரி கண்விழித்துக் கேட்பது இவனுக்கு வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. அப்போதுதான் நண்பன் ஒருவன் ஒரு வெளிநாட்டுத் தளத்தைக் காட்டியிருக்கிறான். இன்றைய கூட்டத்தில் அவர் இந்தச் சொல்லைச் சொல்வாரா, மாட்டாரா? அதற்குப் பணம் கட்டலாம். "இவர் பேச்சு எனக்கு அத்துப்படிங்கண்ணா" என்றான் என்னிடம். அந்த நம்பிக்கைதான் அவனை உள்ளே இழுத்திருக்கிறது.

இது நடக்கும் விதம் எளிது. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பங்குகள். சரியாகச் சொன்ன பக்கத்துக்குப் பங்குக்கு ஒரு டாலர் கிடைக்கும், தவறிய பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. அவர் கட்டாயம் சொல்வார் என்று எல்லோரும் நம்பும் சொல்லின் 'ஆம்' 85 சென்ட்டுக்கு விற்கும். ஜெயித்தால் லாபம் 15 சென்ட், தோற்றால் போவது 85. ஐந்து முறை தொடர்ந்து ஜெயித்துச் சேர்த்ததை ஆறாவது முறை வரும் ஒரே தோல்வி கொண்டுபோவதோடு கைக்காசும் கொஞ்சம் போகும். தம்பியின் கணக்கில் அதுதான் நடந்திருந்தது. ஒரு முறை அவன் எதிர்பார்த்த சொல்லை டிரம்ப் சொல்லியிருக்கிறார், ஆனால் கூட்டம் முடிந்தபின் நிருபர்களிடம். விதியில் 'கூட்டத்தில்' என்று இருந்ததால் பணம் போய்விட்டது.

பூலாம்வலசு சேவல்கட்டை நம் பக்கத்தில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். களத்தில் இறங்கும் சேவலுக்குத் தன்மேல் யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியாது. மேடையில் பேசுகிறவருக்குத் தெரியலாம். அவருக்கு உரை எழுதிக் கொடுப்பவருக்கும், அதை முன்கூட்டியே படித்துப் பார்க்கும் உதவியாளருக்கும் எந்தச் சொல் வரும் என்பது நிச்சயமாகத் தெரியும். 2025 அக்டோபரில், கிரிப்டோ எனும் இணைய நாணயங்களை வாங்கி விற்க உதவும் காயின்பேஸ் நிறுவனத் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங், காலாண்டு முடிவுகளைப் பற்றிய கூட்டத்தை முடிக்கும்போது, தாங்கள் என்ன பேசுவோம் என்று நடக்கும் பந்தயத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி, பிட்காயின், எத்தீரியம், பிளாக்செயின், ஸ்டேக்கிங், வெப்3 என்று பந்தயத்தில் இருந்த சொற்களை வரிசையாக வாசித்துவிட்டுப் போனார். சில நொடிகளில் பலருடைய பணம் கை மாறியது. ஒரு கம்பெனித் தலைவரால் முடிந்தது அரசியல்வாதியால் முடியாதா? இந்தத் துறையின் பெரிய தளங்களான கல்ஷி, பாலிமார்க்கெட் இரண்டுக்குமே டிரம்ப்பின் மகன் ஆலோசகர். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இதில் தவறு நடந்ததாக நான் சொல்லவில்லை. அவினாசி ரோட்டில் உட்கார்ந்து போனைப் பார்ப்பவனுக்கும் அந்த மேடைக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள் என்கிறேன்.

சரி, கணக்கு ஏன் முடங்கியது? தம்பி ஆடிய தளத்தில் ரூபாய் செல்லாது. டாலர் மதிப்புள்ள கிரிப்டோ வாங்கித்தான் கட்ட வேண்டும். ஜெயித்ததை எடுக்கும்போது அந்தக் கிரிப்டோவை முகம் தெரியாத ஒருவருக்கு விற்று, அவரிடமிருந்து ரூபாய் வாங்கியிருக்கிறான். அந்த ரூபாய் எங்கோ யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம். பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்ததும், அந்தப் பணம் போன வழியில் இருந்த கணக்குகளையெல்லாம் வங்கிகள் பிடித்து நிறுத்திவிட்டன. தோற்றபோது யாருக்கும் தெரியவில்லை. ஜெயித்து எடுத்த பணம்தான் அப்பாவின் தொழில் கணக்கைப் பூட்டியது.

சட்டமும் துணைக்கு வராது. நடக்குமா நடக்காதா என்று பணம் கட்டும் இத்தகைய 'கருத்து வர்த்தகம்' தன் வரம்பில் இல்லை, முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. அந்த ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆன்லைனில் பணம் கட்டி ஆடவைப்பதையே தடைசெய்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுபவரைத் தண்டிக்க அதில் இடமில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டப்படி சூதாடியவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி தனி, அதில் வேறு நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனில் தொழில் கணக்கின் யுபிஐ இருந்தால் இந்த வாரமே ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள். அறிமுகமில்லாத பெயரில் வரவு இருந்தால் திட்டாமல் கேளுங்கள், திட்டினால் ஒளிப்பார்கள். கிரிப்டோ வாங்கி விற்ற விவரம், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்க விடாதீர்கள், போலீசுக்கு அதுதான் பதில். விட முடியவில்லை என்று பிள்ளையே சொன்னால் 14416க்கு கூப்பிடலாம், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை தம்பியின் அம்மா வளையலை அடகு வைத்து 22 டெய்லர்களுக்கும் சம்பளம் கொடுத்தார்கள். நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு அந்த வெளிமாநில ஸ்டேஷனிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. தம்பி வாரம் ஒரு முறை என் ஆபீசுக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறான்.